செல்லுக்குள் எரியும் விளக்கைக் கண்டவர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று கடலை மிட்டாய், மற்றொன்று தீப்பெட்டி. தீப்பெட்டி ஆபீஸ் வாசலை மிதிக்காத குடும்பம் நம் கரிசல் பூமியில் மிகக் குறைவு. என் அத்தையும் திருமணத்திற்கு முன்பிருந்தே குச்சி அடுக்கும் வேலை பார்த்தவர்தான். சிறு வயதில் நான் அவரிடம், தீ எங்கே இருக்கிறது, குச்சியிலா பெட்டியிலா என்று கேட்பேன். அவர் சிரித்துவிட்டு, உரசினால்தான் தீ என்பார்.

அத்தை சொன்னது சரியே. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு முதலிய மருந்துகள் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போது தீ பிறக்கிறது. அந்தப் பாஸ்பரஸ் என்னும் தனிமம் வேறொரு வடிவில் நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருந்து, புகையும் சுடரும் இல்லாமல் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்த மருத்துவர் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இளமைக் காலம்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. அன்றோ பீமவரமும் நம் கோவில்பட்டியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. தந்தையார் பெயர் ஜகந்நாதம். தாயார் பெயர் வெங்கம்மா. குழந்தைகள் எழுவர். தந்தையார் நோயின் காரணமாக வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டதால் குடும்பத்தில் வறுமை குடிகொண்டது.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இருக்கவில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையப் பணம் சம்பாதிக்கலாம் என்று எண்ணி ஒரு நாள் வீட்டைவிட்டு ஓடிவிட்டான். தாயார் ஆள் அனுப்பிப் பாதி வழியிலேயே பிடித்துவரச் செய்தார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மெட்ரிகுலேஷன் தேர்வை மூன்றாம் முறை எழுதித்தான் தேறினார். தோழியரே, இதை நான் சற்று அழுத்திச் சொல்கிறேன். பிற்காலத்தில் மருத்துவ உலகையே வியக்க வைத்த ஒருவர் நம்முடைய பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வைப் போன்ற ஒரு தேர்வில் இருமுறை தோற்றவர். அவரைப் படிக்க வைக்கத் தாயார் தம் நகைகளை விற்றார்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்தபின் துறவியாகிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. நோயாளிகளுக்குச் செய்யும் தொண்டும் தொண்டுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் அவருக்கும் சேஷகிரி அம்மையாருக்கும் திருமணம் நடந்தது.

கதர் அங்கியும் கிடைக்காத பட்டமும்

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர்த் துணியால் தைத்த அங்கியை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு அதைக் கண்டு சினம் கொண்டார். எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும், அவருக்கு எம்.பி.பி.எஸ். என்னும் முழுப் பட்டம் கிட்டவில்லை. அதற்கும் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்குள் நுழைய முயன்றும் பயனில்லாமற் போயிற்று.

இதற்கிடையில் அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ என்னும் குடல் நோயே அதற்குக் காரணம். நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்வார்களே, அந்த வகையைச் சேர்ந்தது அது. தின்றது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. இரத்தம் வற்றி, உடல் வெளுத்து, எலும்பும் தோலுமாகி மனிதன் மடிவான். பிறகு அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். நன்றியோடு சென்னையில் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாரைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற ஏக்கம் அவரை விடவில்லை. அந்த நோயில் உடம்புக்குள் என்னதான் கெட்டுப்போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி வெளிநாடு செல்லத் துணிந்தார். மாமனாரும் காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும் பண உதவி செய்தனர். 1923 அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார்.

பாஸ்டன் நகரில்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் வயிற்றுக்கு வழியில்லை. ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலச் சட்டிகளைக் கழுவினார். படித்த மருத்துவர் இந்த வேலையைச் செய்வதா என்று அவர் கூசவில்லை. பகலில் படிப்பு, இரவில் வேலை என்று நாட்கள் கடந்தன. ஊரிலோ அவருக்கு ஒரு மகன் பிறந்து, மழலைப் பருவத்திலேயே இறந்துபோனான். தந்தை அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

படிப்பு முடிந்ததும் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்குதான் பாஸ்பரஸ் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

நீல நிறம் சொன்ன சேதி

இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளது என்று அளப்பது அந்நாளில் கடினமான காரியம். ஃபிஸ்கும் சுப்பாராவும் அதற்கு எளிய முறை ஒன்றை வகுத்து 1925இல் வெளியிட்டனர். மாலிப்டினம் சேர்ந்த கரைசலைப் பாஸ்பேட்டுடன் கலந்து இன்னொரு மருந்தையும் இட்டால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அவ்வளவுதான்! அம்முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

அதே முறையால் தசையின் சாற்றைச் சோதித்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நிறம் உடனே முழுதாக வரவில்லை. மெள்ள மெள்ள ஏறியது. வேறொருவராக இருந்தால், மருந்து பழையது என்று சொல்லிக் கொட்டிவிட்டிருப்பார். சுப்பாராவ் கொட்டவில்லை. எளிதில் உடைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் ஏதோ ஒரு பொருள் தசைக்குள் ஒளிந்திருக்கிறது என்று இருவரும் ஊகித்தனர். ஊகம் மெய்யாயிற்று. 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை வெளிப்படுத்தினர். தசை வேலை செய்யும்போது அது குறைந்தது. ஓய்வில் மீண்டும் கூடியது. 1929இல் அதைவிடப் பெரிய பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதுவே நாம் பாடப்புத்தகத்தில் ஏ.டி.பி. என்று படிக்கும் அடினோசின் டிரை பாஸ்பேட். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே அதனைக் கண்டார்.

டிரை என்றால் மூன்று. இப்பொருளின் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருக்கின்றன. கடைசிப் பாஸ்பேட் கழலும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. பிறகு நாம் உண்ட உணவின் ஆற்றலால் அந்தப் பாஸ்பேட் மறுபடியும் ஒட்டப்படுகிறது. எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்கும் அகல் விளக்கைப் போன்றது இது. நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. மிகச் சிறிதளவே. ஆனால் அதுவே திரும்பத் திரும்பக் கழன்றும் ஒட்டியும், ஒரு நாளில் செலவாகும் மொத்த அளவு ஏறக்குறைய நம் உடல் எடைக்கே சமமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

செல்லின் குடிமராமத்து

இவ்வளவு ஆற்றல் எதற்கு? ஓடுவதற்கும் எழுதுவதற்கும் மட்டுமா? இல்லை. நாம் அசையாமல் உறங்கும்போதும் செல் செலவு செய்துகொண்டே இருக்கிறது. ஏன் என்பதை நம் ஊர்க் கண்மாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

கண்மாய்க்கரையை ஒருமுறை கட்டிவிட்டால் அது தானாகவே நிற்கும் என்று யாராவது சொன்னால் நம் தாத்தாமார் சிரிப்பார்கள். மழைக்கு முன் ஊர் கூடிக் கரையில் மண் போட வேண்டும், மடையைச் சரிபார்க்க வேண்டும், வண்டல் எடுக்க வேண்டும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஓர் ஆண்டு விட்டால் கரையில் கீறல் விழும். அடுத்த ஆண்டும் விட்டால் உடைப்புத்தான்.

செல்லும் அப்படியே. செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. சோடியம் ஓயாமல் உள்ளே கசிகிறது. செல் சவ்வில் உள்ள நுண்ணிய பம்புகள் ஒரு ஏ.டி.பி.யைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கின்றன. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஸ்கூ 1957இல் இந்தப் பம்பை அடையாளம் காட்டி, அதற்காக 1997இல் நோபல் பரிசு பெற்றார். இது மட்டுமா? தேய்ந்துபோன புரதங்களுக்கு அடையாளமிட்டு உடைப்பதற்கும், புதிய புரதம் செய்வதற்கும், குப்பையைச் செரிக்கும் லைசோசோம்களுக்குள் அமிலத்தைத் தேக்கிவைப்பதற்கும், செல்லுக்குள் பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குச் சுமந்து செல்வதற்கும் ஏ.டி.பி.தான் கூலி. செல்லின் ஒழுங்கு தானாக அமைந்ததன்று. ஒவ்வொரு நொடியும் விலை கொடுத்துக் காப்பாற்றப்படுவது.

விளக்கு அணைந்தால்

கூலி நின்றுபோனால்? முதலில் பம்பு நிற்கும். சோடியம் உள்ளே புகும். அதன் பின்னே தண்ணீர் புகும். செல் ஊதிப் பருக்கும். அடுத்துக் கால்சியம் உள்ளே பாய்ந்து, அடக்கி வைத்திருந்த நொதிகளை எழுப்பிவிடும். அவை செல்லின் சொந்தச் சவ்வுகளையே அறுக்கத் தொடங்கும். முடிவில் கரை உடைந்த கண்மாய்தான். இருதயத்திற்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டால் மாரடைப்பில் நடப்பதும் இதுவே. இரத்தம் இல்லை, ஆகவே பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லாததால் ஏ.டி.பி. இல்லை. அதனால்தான் மருத்துவர்கள் ஒவ்வொரு நிமிடத்தையும் பொன்னாக எண்ணுகிறார்கள்.

இதை நான் வேறொரு விதத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன். என் தாத்தா இறந்த அன்று, பெரியவர்கள் அவசர அவசரமாகக் கை கால்களை நேராக்கினார்கள். துணியால் வாய்க்கட்டுக் கட்டினார்கள். நேரமானால் உடம்பு விறைத்துவிடும் என்று சொன்னார்கள். ஏன் விறைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தசையில் உள்ள இழைகள் ஒன்றையொன்று பற்றியிழுக்க மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஏ.டி.பி. தீர்ந்துவிட்டால் பற்றிய பிடி பற்றியபடியே நின்றுவிடும். பிடியை விடுவதற்கும் உயிர் வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பேர்ல் ரிவரில்

ஏ.டி.பி.யைக் கண்டறிந்ததோடு சுப்பாராவ் 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கொடுக்கப்படவில்லை. 1940இல் நியூயார்க்கு மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஆராய்ச்சி இயக்குநரானார். இப்போது அவரிடம் பெரிய கூடமும் திறமைமிக்க வேதியியலாளர் குழுவும் இருந்தன. உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் கேள்வியை மறுபடியும் கையில் எடுத்தார்.

இந்தக் கேள்விக்கு ஒரு நூல்முனை நம் நாட்டிலேயே கிடைத்திருந்தது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்றிருக்கும்போது கடும் இரத்தசோகையால் மடிவதைக் கண்டார். ஈஸ்டின் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். அதில் உள்ள மருந்துப் பொருள் எது என்று அப்போது தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவின் டெக்சஸில் சிலர் நான்கு டன் கீரையை அரைத்து மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நான்கு டன் கீரைக்கு ஒரு துளி என்றால் நோயாளிகளுக்கு எப்படிக் கொடுப்பது? சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945இல் ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டனர்.

போலிக் அமிலம் என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் அதன் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் படி எடுக்க வேண்டும். டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆனது. அவற்றுள் தைமின் என்னும் எழுத்தைச் செய்யப் போலிக் அமிலம் தேவை. அது இல்லாவிட்டால், அச்சுக்கூடத்தில் ஓர் எழுத்து மட்டும் தீர்ந்துவிட்டதைப் போல வேலை பாதியில் நிற்கும். செல்லின் உடல் வளரும், உட்கரு பின்தங்கும். எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் பருத்து, உருக்குலைந்து, பல வெளியே வருமுன்பே இறந்துவிடும். ஓர் இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாளே வாழும். பழையன கழியப் புதியன வராவிட்டால் வருவது இரத்தசோகை.

குடலின் உட்பூச்சு இன்னும் வேகமானது. அதன் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. போலிக் அமிலம் இல்லையேல் குடல் தன்னைப் புதுப்பிக்க முடியாது. பழுதான குடல் உணவையும் போலிக் அமிலத்தையும் உறிஞ்சாது. உறிஞ்சாததால் மேலும் பழுதாகும். ஸ்ப்ரூ நோயில் சுழலும் நச்சுச் சக்கரம் இதுவே. செயற்கைப் போலிக் அமிலம் வந்தவுடனே வெப்ப நாடுகளில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளுத்த முகங்களில் இரத்தம் ஏறியது, பசி திரும்பியது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, அவர்களுக்கு வேண்டியிருந்த மருந்தைச் சுப்பாராவ் கண்டுவிட்டார். அவர்களுக்குக் கொடுக்கத்தான் முடியவில்லை.

கள்ளச் சாவி

ஒரு செல் தன்னைப் புதுப்பிக்க முடியாமற்போவது ஒரு கேடு. அடக்கமின்றிப் பெருகிக்கொண்டே போவது மற்றொரு கேடு. அதுவே புற்றுநோய். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அந்நாளில் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், புற்றுச் செல்களுக்குப் போலிக் அமிலம் கிடைக்காமற் செய்தால் என்ன என்று எண்ணினார். சுப்பாராவின் குழு போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் வேலை செய்யாத பொருள்களைத் தயாரித்துத் தந்தது. பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச் சாவி என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948இல் ஃபார்பர் வெளியிட்டார். அந்தத் தணிவு நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்பதை உலகம் அன்றுதான் கண்டது. அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் கொடுக்கப்படுகிறது.

அவருடைய குழுவின் கொடை இத்துடன் முடியவில்லை. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசைன் 1947இல் வெளிவந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் வீடு வீடாக வழங்கப்பட்டது இம்மாத்திரையே. பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலார் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த ஆரியோமைசின் 1948இல் வெளியிடப்பட்டது. டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளில் அதுவே முதலாவது.

பெயர் தேடாத பெரியவர்

1948 ஆகஸ்டு மாதம் ஒரு நாள் காலை, சுப்பாராவ் உறக்கத்திலிருந்து எழவில்லை. இரவில் இருதயம் நின்றுவிட்டது. வயது 53. செல்லின் விளக்கைக் கண்டவரின் விளக்கும் அணைந்தது. தாய்நாடு விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. 1923இல் கப்பல் ஏறியவர் அதன்பின் இந்திய மண்ணை மிதிக்கவில்லை. சேஷகிரி அம்மையாரை மறுபடி பார்க்கவும் இல்லை.

அவருடைய வாழ்க்கையை வாசித்தபோது இந்த இடத்தில் என் மனம் சற்று நின்றது. உலகத்துக்கு அவ்வளவு செய்தவர், சரி. கால் நூற்றாண்டு தனியே காத்திருந்த அந்த அம்மையாரின் தியாகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பெரியோர் வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகவே எழுதிவிட்டேன்.

அவர் நோபல் பரிசு பெறவில்லை. மேடை ஏறிப் புகழ் தேடவும் இல்லை. அவர் நினைவாக ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டு ஆண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. இவ்வளவே.

நீல மாத்திரை

இவரைப் பற்றி நான் எழுதப் புகுந்த காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன். வளரிளம் பெண்களுக்கென்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு நீல மாத்திரை தருகிறார்கள் அல்லவா? அதை நான் விழுங்கியதில்லை. வாயில் போடுவது போல் காட்டிவிட்டு வேப்பமரத்தடியில் துப்பிவிடுவேன். வயிற்றைப் புரட்டுகிறது என்பது சாக்கு. தோழிகள் துப்பினார்கள் என்பதே உண்மை.

சென்ற ஆண்டு என் அத்தை கருவுற்றிருந்தார். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தால் படியேற மூச்சு வாங்கும். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். பரிசோதித்ததில் இரத்தம் 7 கிராம்தான் இருந்தது. இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உண்ண வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னார். மாத்திரை அட்டையை வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. போலிக் அமிலம் என்ற பெயரை அதில் வாசித்தபோது, வேப்பமரத்தடியில் கிடந்த நீல மாத்திரைகள் என் நினைவுக்கு வந்தன. மறுநாள் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லி, அந்த அமிலம் என்ன என்று கேட்டேன். அவர் திட்டவில்லை. சுப்பாராவின் கதையைச் சொன்னார்.

கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகி மூடுவது முதல் நான்கு வாரங்களுக்குள் என்றும், அப்போது போலிக் அமிலம் போதாவிட்டால் அது மூடாமற்போகலாம் என்றும் ஆசிரியை கூறினார். தாய்க்குத் தான் தாயாகப்போவது தெரியுமுன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே பெண்ணின் உடலில் அது முன்கூட்டியே இருக்க வேண்டும். நாம் இப்போது விழுங்கும் மாத்திரை இந்த வாரத்துக்கு மட்டுமல்ல என்று அன்று உணர்ந்தேன்.

அத்தை மாத்திரையையும் விடவில்லை; என் பாட்டி ஆக்கிப்போட்ட முருங்கைக்கீரையையும் பாசிப்பயற்றையும் விடவில்லை. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் போலிக் அமிலமும் அதோடு போய்விடும் என்று நான் பாட்டிக்குச் சொல்ல, பாட்டி இவள் பெரிய டாக்டர் என்று என்னைக் கேலி செய்தார். ஆனால் மறுநாள் முதல் தண்ணீரைக் கொட்டவில்லை. தை மாதத்தில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

தோழியரே, சோதனைக்குழாயில் மெள்ள ஏறிய நீல நிறத்தை அலட்சியம் செய்யாததால் சுப்பாராவ் செல்லின் விளக்கைக் கண்டார். நம் கையில் வைக்கப்படும் நீல மாத்திரையை நாம் அலட்சியம் செய்யலாமா? நம் கண்மாயைக் காப்பது ஊரின் கடமை. நம் செல்களின் குடிமராமத்துக்குப் பொருள் கொடுப்பது நம் கடமை. அடுத்த வாரம் மாத்திரை தரும்போது வேப்பமரத்தடிக்கு யாரும் போக வேண்டாம். நான் விழுங்குகிறேன், நீங்களும் விழுங்குங்கள்.